திரையரங்கை வீழ்த்திய நில மதிப்பு

திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் அவர் நிறுவிய வெரைட்டி ஹால், தென்னகத்தின் தொடக்ககால நிரந்தரத் திரையரங்குகளுள் ஒன்று. பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறிய அந்த அரங்கு அண்மையில் இடிக்கப்பட்டுவிட்டது. சாலையின் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

1952-இல் 'பராசக்தி'யுடன் திறக்கப்பட்ட மதுரை தங்கம் திரையரங்கில் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. அவ்விடத்தில் இன்று ஜவுளிக்கடை. சென்னை அண்ணா சாலையில் 1961-இல் தொடங்கிய சாந்தி, 2016-இல் மூடப்பட்டது.

தொலைக்காட்சியும் கைப்பேசியுமே திரையரங்குகளை அழித்தன என்பது பாதி உண்மை. மீதியை நிலத்தின் கணக்கில்தான் தேட வேண்டும். கல்லூரியில் பொருளியல் கற்பித்த நாள்களில் 'வாய்ப்புச் செலவு' என்ற கருத்தை விளக்க நான் எடுத்துக்காட்டுகளைத் தேடியதுண்டு. பேருந்து நிலையத்துக்கு அருகே, ஒரே திரையுடன் நிற்கும் பழைய அரங்கைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. அதே மனையில் வணிக வளாகமோ திருமண மண்டபமோ எழுந்தால் கிடைக்கக்கூடிய வருவாய்தான், அரங்கைத் தொடர்ந்து நடத்துவதற்கு உரிமையாளர் கொடுக்கும் உண்மையான விலை.

திருக்கழுக்குன்றம் போன்ற சிற்றூர்களில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. படச்சுருள் விலை மிகுந்ததாக இருந்தவரை, பிரதிகள் குறைவு. பெருநகரங்களில் ஓடி முடிந்த படம், குறைந்த வாடகையில் சிற்றூருக்கு வரும். அந்தத் தாமதமே சிற்றூர் அரங்கின் முதலீடு. எண்மத் தொழில்நுட்பம் வந்தபின் எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் படம் வெளியாகிறது; வசூலும் முதல் சில நாள்களுக்குள் சுருங்கிவிட்டது. இருசக்கர வாகனம் வைத்திருப்பவர் செங்கல்பட்டுக்கோ, சென்னைப் புறநகருக்கோ சென்று குளிரூட்டப்பட்ட அரங்கில் பார்த்துவிடுகிறார். வாகனமும் வசதியும் இல்லாதவர்களுக்கே இழப்பு. தரை, பெஞ்சு, நாற்காலி என்று பிரித்திருந்தாலும், குறைந்த கட்டணத்தில் ஊரார் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த இடம் அது.

100 ரூபாய்க்கு மிகாத நுழைவுச்சீட்டுக்கான சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பரில் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால், வரிக்குறைப்பால் நில மதிப்பை ஈடுகட்ட இயலாது.

நட்டத்தில் நடத்துமாறு எந்த உரிமையாளரையும் கட்டாயப்படுத்த முடியாது. எனினும், பழைய அரங்கை இடித்துக் கட்டும்போது 150 இருக்கைகள் கொண்ட சிறிய அரங்கொன்றை உள்ளடக்கினால் கூடுதல் தளப்பரப்புக்கு அனுமதி அளிக்கலாம். இங்கிலாந்தில் 2020 முதல் திரையரங்கு தனிவகைப் பயன்பாடாகக் கருதப்படுகிறது. அதை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் திட்ட அனுமதி தேவை. நமது திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டமோ 1955-ஆம் ஆண்டினது. பெரிய ஒற்றை அரங்குகளின் காலத்தில் உருவானது.

நகர் ஊரமைப்பு இயக்ககம் முதலில் மாவட்டவாரியாக எஞ்சியுள்ள ஒற்றைத் திரையரங்குகளைக் கணக்கெடுக்க வேண்டும். இடிப்பதற்கான விண்ணப்பம் வந்தபிறகு யோசிப்பதில் பயனில்லை.