இந்தக் கோடைக்கு எந்தக் கப்பல்?

போன இதழில் லீவுச் சம்பளம் பற்றி எழுதியிருந்தோம். கியூபெக் சட்டப்படி ஒரு வருடம் ஒரே இடத்தில் வேலை செய்தால் இரண்டு கிழமை லீவும் நூற்றுக்கு 4 வீதமும், மூன்று வருடம் முடிந்தால் மூன்று கிழமையும் 6 வீதமும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தோம். அதைப் படித்துவிட்டு லசாலில் இருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். "அண்ணை, காசு எப்பிடி வரும் எண்டு எழுதினியள். அதை என்ன செய்யிறது எண்டு எழுதேல்லையே. கப்பலிலை போகலாம் எண்டு வீட்டிலை நிக்கினம், எந்தக் கம்பனி நல்லது?" என்று கேட்டார்.

கேட்டது சரியான ஆட்களிடம்தான். ஒரே மெசினில் நிற்கிற நாங்கள் மூன்று குடும்பம் மார்கழியில் இருந்து இதையேதான் கதைத்துக்கொண்டிருக்கிறோம். யூலைக் கடைசி இரண்டு கிழமையும் கட்டட வேலைக்காரரின் லீவு என்று இங்கே பாதித் தொழிற்சாலைகள் இழுத்து மூடப்படும். எங்களுடையதும் அப்படித்தான். பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. வருடத்தில் எல்லோரும் ஒன்றாக வீட்டில் இருப்பது அந்த இரண்டு கிழமைதான். அதில் ஒரு கிழமையைத் தண்ணீரில் போக்குவது என்று முடிவாகிவிட்டது. எந்தக் கப்பல் என்பதில்தான் வழக்கு.

இரண்டு கம்பனிகளைப் பார்த்தோம். முதலாவது ஹொலண்ட் அமெரிக்கா. பழைய துறைமுகத்தில் ஞாயிறு பின்னேரம் உலாத்தப் போகிறவர்கள் அதன் கருநீலக் கப்பலைக் கண்டிருப்பீர்கள். மொன்றியலில் ஏறினால் கியூபெக் நகரம், சார்லட்டவுன், சிட்னி, ஹலிபாக்ஸ், பார் ஹாபர் என்று தொட்டு ஏழு நாளில் பொஸ்ரனில் இறக்கிவிடும். இரண்டாவது ரெலே நோர்டிக் கம்பனியின் பெல்லா டெகானியே. இது 2013 இல் இருந்து ஓடுகிற பாதிச் சரக்கு, பாதிப் பயணிக் கப்பல். ரிமூஸ்கியில் புறப்பட்டு, செற்றில், அன்ரிகோஸ்ரித் தீவு, நற்றஸ்குவான், கெகாஸ்கா, ஹாரிங்ரன் ஹாபர் என்று வட கரையில் ஊர் ஊராக நின்று, லாப்ரடோர் எல்லையில் உள்ள பிளாங் சப்லோன் வரை போய்த் திரும்பும். போய் வர ஏறக்குறைய ஒரு கிழமை. இரண்டும் ஒரே சென் லோரன்ஸ் தண்ணீர்தான். ஒன்று தெற்கே திரும்புகிறது, மற்றது வடக்குக் கரையைப் பிடித்துக்கொண்டு போகிறது.

"தொலைக்காட்சியிலை காட்டுற பதினைந்து மாடிக் கப்பல் ஏன் மொன்றியலுக்கு வாறேல்லை?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். காரணம் கியூபெக் பாலம். கட்டும்போதே 1907 இலும் 1916 இலும் இரண்டு தரம் விழுந்து, 1917 இல் ஒருவாறு திறந்த அந்தப் பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் சுமார் 46 மீற்றர்தான் இருக்கிறது. அதற்கு மேலே உயர்ந்த கப்பல் எல்லாம் கியூபெக் நகரத்தோடு நின்றுவிடும். மொன்றியல் வரை ஏறி வருபவை சாண்டாம், வொலெண்டாம் போல ஆயிரத்து நானூறு பேர் அளவில் ஏற்றுகிற நடுத்தரக் கப்பல்கள். எங்கள் கணக்கில் அதுவே ஒரு ஊர்.

அடுத்த கேள்வி எங்கள் மனைவிமாருடையது. "அமெரிக்காவைத் தொடாமல் கனடாவுக்குள்ளேயே சுற்றிவரக் கூடாதா?" அந்த நெதர்லாந்துக் கொடிக் கப்பல் அப்படிச் சுலபமாகச் செய்ய முடியாது. கனடாவில் ஒரு துறைமுகத்தில் ஏற்றிக் கனடாவிலேயே இன்னொன்றில் இறக்குகிற தொழில், 1992 ஆம் ஆண்டுக் கரையோர வணிகச் சட்டப்படி கனடியக் கப்பல்களுக்கு உரியது. வெளிநாட்டுக் கப்பல் செய்வதென்றால் தனி உத்தரவு வேண்டும். பயணம் பொஸ்ரனில் போய் முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். பெல்லா கனடியக் கப்பல், அதற்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எங்கள் மூன்று குடும்பத்தின் வழக்கும் வந்து நின்றது.

மூன்று வீட்டிலும் மூன்று விதக் கடதாசி. ஒரு வீட்டார் குடியுரிமை எடுத்துவிட்டார்கள். நீலப் பாஸ்போட்டோடு அவர்கள் பொஸ்ரனில் இறங்கி நடக்கலாம், ஒரு விசாவும் வேண்டாம். எங்கள் வீட்டில் நிரந்தர வதிவிட அட்டை. இதை வைத்துக்கொண்டு அமெரிக்கா போகலாம் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சலுகை பொதுநலவாய நாட்டவருக்கு ஒரு காலத்தில் இருந்தது உண்மை, 2003 இல் நிறுத்திவிட்டார்கள். அகதிப் பயணப் பத்திரத்தில் போகிறவருக்கும் அமெரிக்க விசா வேண்டும். ஆளுக்கு விண்ணப்பக் கட்டணம் 2023 இல் 185 அமெரிக்க டொலராகியது. விசா மறுத்தாலும் அந்தக் காசு திரும்பாது. ஐந்து பேருள்ள வீட்டுக்குக் கப்பல் ரிக்கற் எடுக்க முதலே எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கோ. நேர்முகத்துக்கு நாள் கிடைக்க எத்தனை மாதம் என்பது அதிர்ஷ்டம். திரும்பி வரும்போது பஸ்ஸோ விமானமோ, வதிவிட அட்டை கையில் இருக்கவேண்டும். காலாவதித் திகதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது வீட்டார் இன்னும் விசாரணைக்குக் காத்திருப்பவர்கள். அவர்களின் பாஸ்போட் எல்லைச் சேவை அலுவலகத்தில் கிடக்கிறது. அவர்கள் கனடாவை விட்டு வெளியே கால் வைத்தால் வழக்கே கைவிட்டுப் போகலாம். ஆகவே அவர்களுக்குப் பொஸ்ரன் கப்பல் கதையே இல்லை. ஆனால் கனடாவுக்குள் போய்வரத் தடை இல்லை. கையெழுத்து வைக்கிற நாள், விசாரணை நாள், வக்கீல் சந்திப்பு எதுவும் அந்தக் கிழமையில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இங்கே கொஞ்சம் நின்று கதைக்க வேண்டியிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஒருவர் வழி சொன்னார். "ஏன் கஷ்டப்படுறியள்? இலங்கைப் பாஸ்போட் ஒண்டை எடுங்கோ, அதிலை விசா குத்துறது லேசு." வாசகர்களே, அகதியாக ஏற்கப்பட்டு இன்னும் குடியுரிமை எடுக்காத ஒருவருக்கு இதைவிடப் பொல்லாத யோசனை கிடையாது. 2012 மார்கழியில் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்குப் பிறகு, விட்டு ஓடிவந்த நாட்டின் பாதுகாப்பைத் திரும்பவும் தேடிக்கொண்டார் என்று அகதிச் சபை தீர்த்தால், அகதி நிலை மட்டுமல்ல, அதனோடு நிரந்தர வதிவிடமும் போய்விடும். எத்தனை வருடம் வரி கட்டினீர்கள், பிள்ளைகள் இங்கே பிறந்தவர்களா என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. அந்த நாட்டுப் பாஸ்போட்டை எடுப்பதும் புதுப்பிப்பதும், அந்த நாட்டுக்கே போய்வருவதும்தான் வழக்கமாகக் காட்டப்படுகிற காரணங்கள். ஆளுக்கு அதன் விளைவு தெரிந்திருந்ததா என்பதையும் சபை பார்க்கவேண்டும் என்று 2022 இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பிப் பாஸ்போட் எடுக்க வேண்டாம். இந்தப் பக்கத்தைப் படித்த பிறகு 'தெரியாது' என்றும் சொல்ல முடியாதே.

ஊர்ப்பக்கக் கப்பலுக்கும் இதே கதைதான். 2023 ஜூனில் சென்னையில் இருந்து உல்லாசக் கப்பல் ஒன்று காங்கேசன்துறைக்கு வந்தது. அதே வருடம் ஒக்டோபரில் நாகபட்டினத்தில் இருந்து பயணிகள் படகும் ஓடத் தொடங்கியது. படம் பார்த்து எங்களுக்கும் நெஞ்சு அடைத்ததுதான். ஒரு பகல் இறங்கி முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு வருவோம் என்று நினைக்கிறவர், குடியுரிமை கையில் இல்லாவிட்டால், முதலில் குடிவரவு வக்கீலிடம் போகவும். வக்கீலுக்குக் காசு இல்லாவிட்டால் சட்ட உதவி அலுவலகத்தில் கேட்கலாம்.

சரி, காசுக் கணக்கு. பெரிய கப்பலின் விளம்பரத்தில் உள்ள தொகை, ஓர் அறையில் இருவர் என்ற கணக்கில் ஓர் ஆளுக்கு உரியது. யன்னல் இல்லாத அறைதான் அதில் மலிவு. அதற்கு மேலே, கப்பல் வேலையாட்களுக்கென்று ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து அமெரிக்க டொலருக்கு மேல் கணக்கில் ஏறும். குடிவகை, இன்ரநெற், இறங்குகிற இடத்தில் பஸ் எல்லாம் வேறு. கடைசியில் பொஸ்ரனில் இருந்து ஐந்நூறு கிலோமீற்றர் திரும்பி வரவேண்டும். பெல்லாவின் பயணத் தொகுப்பில் கட்டிலும் சாப்பாடும் சேர்ந்திருக்கிறது. ஆனால் ரிமூஸ்கிக்குப் போக ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர் அளவு ஓடவேண்டும், அந்தப் பெற்றோலையும் கூட்டுங்கள். கூட்டிப் பார்த்தால் பெரிய கப்பல் விளம்பரத்தில் தெரிவதுபோல மலிவும் இல்லை, சின்னது நாங்கள் நினைத்ததுபோல மலிவும் இல்லை.

ரிக்கற்றை எங்கே எடுக்கிறீர்கள் என்பதும் பெரிய விசயம். கியூபெக்கில் பயண முகவருக்கு நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதிப் பத்திரம் இருக்கவேண்டும். அப்படியான முகவரிடம் எடுத்தால், கம்பனி முறிந்தாலும் முகவர் ஓடினாலும் நட்டஈட்டு நிதி ஒன்று இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் ஒரு குடும்பம் தெரிந்த ஆள்தானே என்று காசாகக் கொடுத்துவிட்டு, ரிக்கற்றும் இல்லை, துண்டும் இல்லை என்று நிற்கிறது. அனுமதி இலக்கத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

இனிக் கப்பலுக்குள்ளே. பெரியதில் நாடகக் கொட்டகை, நீச்சல் தடாகம், நாள் முழுக்கச் சாப்பாடு. மரக்கறிக்காரர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் தனியாகச் சமைப்பார்கள். ஹலிபாக்ஸில் 21 ஆம் இலக்க இறங்குதுறையைப் பார்க்கலாம். 1928 இல் இருந்து 1971 வரை ஏறக்குறைய பத்து லட்சம் குடிவரவாளர் வந்திறங்கிய இடம் இன்று நூதனசாலை. நாங்கள் இழக்கிறோம் என்று உண்மையாகவே கவலைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். நீச்சல் தடாகம் ஒரு காரணமாகவே எங்களுக்குப் படவில்லை, இங்கே பூங்காவிலேயே இருக்கிறது.

பெல்லாவில் கூத்து ஒன்றும் இல்லை. அங்கே வேடிக்கை கப்பலின் வேலைதான். 138 ஆம் இலக்க நெடுஞ்சாலை கெகாஸ்காவோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள ஊர்களுக்குப் பாலும் மரக்கறியும் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் இந்தக் கப்பலில்தான் போகின்றன. காரைக்கூடக் கொள்கலனுக்குள் வைத்துப் பாரந்தூக்கியால் தூக்குகிறார்கள். கப்பல் வந்தால் ஊரே துறைமுகத்தில் நிற்கும். நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ படகு வந்த நேரங்களைக் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஹாரிங்ரன் ஹாபரில் தெருவே கிடையாது, பாறைக்கு மேலே பலகைப் பாதை. 2003 இல் வந்த பிரெஞ்சுப் படம் 'லா கிராண்ட் செடுக்சியோன்' அங்கேதான் எடுத்தார்கள். லா ரொமேன் இன்னு மக்களின் ஊர். அடுத்தடுத்த துறைமுகங்களில் பிரெஞ்சு, இன்னு, ஆங்கிலம் என்று பாஷை மாறிக்கொண்டு போகிறது. பிரெஞ்சு வகுப்புக்குப் போய் மூளை களைத்த எங்களுக்கு அதைக் கேட்கவே ஆறுதலாக இருக்கும். திமிங்கிலம் தெரியலாம். முற்கோடையில் போனால் பிளாங் சப்லோன் பக்கம் பனிமலையும் மிதந்து வரலாம்.

குறையையும் சொல்லவேண்டும். சில ஊருக்கு நடுச்சாமத்தில் போய்ச் சேருகிறது, இறங்கிப் பார்க்க ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும். காற்றும் அலையும் நேர அட்டவணையை மாற்றும். வளைகுடாவில் ஆட்டம் உண்டு, ஆகவே கிறவோல் குளிசையும் இஞ்சியும் கட்டாயம். யூலையிலும் கம்பளிச் சட்டை வேண்டும். கோடைக் கட்டில்கள் குளிர் காலத்திலேயே நிரம்பிவிடுகின்றன. அந்தந்த வருட அட்டவணையைக் கேட்டுத்தான் லீவைப் போடவேண்டும்.

எங்கள் மாமிக்குக் கப்பல் என்ற சொல்லே ஆகாது. 1990 இல் மன்னார்க் கரையில் இருந்து இராமேஸ்வரத்துக்கு இரவோடு இரவாகப் படகில் போனவ. நியூபவுண்லாந்துக் கடலில் 1986 ஆவணியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரையும் மீன்பிடிக் கப்பல்காரர் ஏற்றிய கதையும் அவவுக்கு மனப்பாடம். "அந்தக் குளிர்க் கடலுக்குக் காசு குடுத்துப் போறியளோ?" என்று கேட்டா. எத்தனை பேருக்கு எத்தனை மிதவைச் சட்டை, பிள்ளைகளின் அளவில் இருக்கிறதா என்று கம்பனிக்கு எடுத்துக் கேட்கச் சொன்னா. கேட்டோம். கப்பல் புறப்படும்போது எல்லோரையும் கூப்பிட்டுப் பயிற்சி காட்டுவார்கள் என்பதையும் விளங்கப்படுத்தினோம். 1914 இல் ரிமூஸ்கிக்குப் பக்கத்திலேயே எம்பிரஸ் ஒவ் அயர்லாந்து மூழ்கி ஆயிரம் பேருக்கு மேல் இறந்ததையும், அங்கே அதற்கு ஒரு நூதனசாலை இருப்பதையும் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ.

லசால் தம்பிக்குப் பதில்: வீட்டில் எல்லோருக்கும் கனடியப் பாஸ்போட் அல்லது அமெரிக்க விசா இருந்தால், சின்னப் பிள்ளைகளும் இருந்தால், பெரிய கப்பல் உங்களுக்குச் சுகம். ஒருவருக்காவது இல்லாவிட்டால் வடக்கே போங்கள்.

நாங்கள் இரண்டு வீட்டார் பெல்லாவில் இரண்டு நாலு கட்டில் அறைக்கு முற்பணம் கட்டிவிட்டோம். நீலப் பாஸ்போட் வீட்டார் இன்னும் வீட்டுக்குள் வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். அவருக்கு ஹலிபாக்ஸ், மனைவிக்கு எங்களோடு வர விருப்பம். மாமி வருகிறா. கீழ்க்கட்டில் வேண்டுமாம், தேத்தண்ணிக்கு எந்த நேரமும் சுடுதண்ணி வேண்டுமாம். தேயிலையையும் மாசிச் சம்பலையும் தானே கட்டிக்கொண்டு வருவாவாம்.