வாசல் மாறிய வழக்கு

அயல்நாட்டுக் கம்பெனியால் கேடு விளைந்தால் பிராது கொடுப்பது எங்கே? நம் ஊர்க் கோர்ட்டிலா, கம்பெனியின் ஊரிலா? இது வக்கீல்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. போபால் ஏழைகளின் வாழ்வே பல ஆண்டுகள் இந்தக் கேள்வியில் தொங்கிக் கொண்டிருந்தது.

1984 டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவில் அங்கே விஷவாயு பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆலை நடத்திய இந்தியக் கம்பெனியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அமெரிக்காவின் யூனியன் கார்பைடுக்கு உரியது. பாதிக்கப்பட்ட அனைவருக்காகவும் வழக்காடும் உரிமையை 1985 மார்ச்சில் சட்டம் செய்து சர்க்கார் ஏற்றது. ஏப்ரலில் நியூயார்க் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது.

கம்பெனியின் சொத்து அமெரிக்காவில் இருந்தது. அங்கே ஜூரிகள் தாராளமாக நஷ்டஈடு விதிப்பதும் உண்டு. ஆனால் நடந்த விநோதத்தைப் பாருங்கள்! இவ்வளவு பெரிய வழக்கை இந்தியக் கோர்ட்டுகள் தாங்க மாட்டா என்றது இந்திய சர்க்கார். தாங்கும் என்றது அமெரிக்கக் கம்பெனி! நம் சட்ட மேதை நானி பல்கிவாலாவே கம்பெனியின் தரப்பில் அவ்விதம் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்.

1986 மே மாதம் நீதிபதி கீனன் வழக்கைத் தள்ளினார். சாட்சிகளும் தஸ்தாவேஜுகளும் இந்தியாவில் இருக்க, அங்கே விசாரிப்பது பொருந்தாது என்றார். ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. கம்பெனி இந்தியக் கோர்ட்டின் அதிகாரத்துக்கு உட்பட வேண்டும். காலாவதி என்று வாதாடக் கூடாது. தீர்ப்புத் தொகையைச் செலுத்த வேண்டும் என்று நிபந்தனைகள் விதித்தார். தீர்ப்புத் தொகை பற்றிய நிபந்தனையை 1987-ல் அப்பீல் கோர்ட்டு நீக்கிவிட்டது.

1986 செப்டம்பரில் அதே வழக்கு போபால் ஜில்லாக் கோர்ட்டில் புதிதாகத் தொடங்கியது. 300 கோடி டாலர் பெறுமான சொத்தைக் கைவிடாமல் வைத்திருப்பதாகக் கம்பெனியிடம் உறுதி பெறப்பட்டது. 1987 டிசம்பரில் இடைக்கால நிவாரணமாக 350 கோடி ரூபாய் கொடுக்க ஜில்லா நீதிபதி உத்தரவிட்டார். ஹைக்கோர்ட்டு அதை 250 கோடியாகக் குறைத்தது. அதையும் கொடாமல் கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. முடிவில், குற்றப்பொறுப்பு யாருடையது என்ற விசாரணை நிறைவேறாமலே, 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு ராஜி ஏற்பட்டது. கூடுதல் தொகை கேட்டு சர்க்கார் போட்ட மனுவையும் சுப்ரீம் கோர்ட்டு 2023 மார்ச்சில் தள்ளிவிட்டது.

ஒரு கோர்ட்டு தள்ளினால் நியாயம் செத்துவிடாது. வேறு கோர்ட்டில் உயிர் பெறலாம். ஆனால் கெடுவைக் காப்பதும், பிரதிவாதியின் சொத்தைக் கட்டுவதும், வரும் தீர்ப்பு அயல்நாட்டில் செல்லுமா என்று பார்ப்பதும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலைகள். போபால் வழக்கில் இவை ஓரளவு நடந்தன. நடக்காதது ஒன்றே: விரைவான விசாரணை. நம் கோர்ட்டுகள் தகுதியுள்ளவை என்பதைப் பிரதிவாதியின் வாக்குமூலம் நிரூபித்துப் பயனில்லை. காலத்தில் வரும் தீர்ப்புத்தான் நிரூபிக்க வேண்டும்.