இதய மாத்திரை மனதுக்கு மருந்தாகுமா?

இதய நோயாளிகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மாத்திரை ஒன்று, தேர்வு எழுதப் போகும் மாணவருக்கும், நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் பட்டதாரிக்கும், மேடையேறக் காத்திருக்கும் கலைஞருக்கும் பதற்றம் தணிக்கும் மருந்தாகத் தரப்படுவது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. புரோப்ரனலால் என்னும் அந்த மருந்து இந்தியாவுக்கும் புதிதல்ல. மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகள், சீட்டு இல்லாமலும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நாடு இது என்பதுதான் கவலைக்குரியது.

பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் பிளாக், நெஞ்சுவலியால் அவதிப்படும் நோயாளிகளின் இதயச் சுமையைக் குறைக்கும் வழியைத் தேடி, 1960-களில் இம்மருந்தை உருவாக்கினார். 1988-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களுள் அவரும் ஒருவர். அச்சமும் பரபரப்பும் ஏற்படும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் படபடக்கிறது; கை நடுங்குகிறது. பீட்டா பிளாக்கர் எனப்படும் இவ்வகை மருந்துகள், அட்ரினலின் சென்று சேரும் வாயில்களை அடைத்து அந்தப் படபடப்பைத் தணிக்கின்றன.

இதயத்துக்கு நிகழ்வது பதற்றத்துக்கும் பயன்படுமே என்ற எண்ணம் விரைவிலேயே எழுந்தது. பதற்றத்தில் புரோப்ரனலாலின் விளைவு குறித்த ஆய்வுக் கட்டுரை 1966-ஆம் ஆண்டிலேயே 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. 1987-இல் அமெரிக்க இசைக் குழுக்களின் கலைஞர்களிடையே நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் பீட்டா பிளாக்கர் மருந்துகளைப் பயன்படுத்தியதாகத் தெரிவித்தனர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடும் போட்டியில் இரு பதக்கங்களை வென்ற வட கொரிய வீரர் கிம் ஜோங் சூ, இம்மருந்தை உட்கொண்டது சோதனையில் தெரியவந்ததால் அவற்றை இழந்தார். கை நடுக்கத்தை இம்மருந்து குறைக்கிறது என்பதை விளையாட்டுத் துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது என்றுதான் இதைக் கொள்ள வேண்டும்.

ஆனால், நடுக்கம் நிற்பது வேறு, மனம் தெளிவது வேறு. உடலில் தோன்றும் அறிகுறிகளை இம்மாத்திரை சில மணி நேரம் தணிக்கும். கடன், வேலையின்மை, தேர்வுத் தோல்வி, குடும்பப் பிரச்னை என அறிகுறிகளுக்குப் பின்னால் இருக்கும் காரணம் எதையும் அது தொடுவதில்லை. மனப் பதற்ற நோய்களுக்கு இதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே 2016-இல் வெளியான விரிவான மறு ஆய்வின் முடிவு. பதற்றத்தின் உடல் அறிகுறிகளுக்காக இதைப் பயன்படுத்த பிரிட்டன் அனுமதிக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமோ பதற்றத்துக்கான மருந்தாக இதை அங்கீகரிக்கவில்லை; அங்கு மருத்துவர்கள் தங்கள் பொறுப்பிலேயே எழுதித் தருகின்றனர்.

ஆபத்தற்ற மாத்திரை என்ற எண்ணமும் தவறானது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இம்மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே உலை வைக்கக்கூடும். நீரிழிவு நோயாளிகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவு தாழும்போது உடல் தரும் முதல் எச்சரிக்கை படபடப்பும் நடுக்கமும்தான். அவற்றை இம்மருந்து மறைத்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்களும் அவர்களில் அடக்கம். நீண்ட நாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் இதயம் பாதிக்கப்படலாம் என்பதும் மருத்துவ உலகம் அறிந்ததே.

இவை அனைத்தையும்விடத் தீவிரமானது வேறொன்று. அளவுக்கு மீறினால் இம்மருந்து விரைவாக உயிரைப் பறிக்கக்கூடியது. அந்த ஆபத்து போதிய அளவு உணரப்படவில்லை என்று பிரிட்டனின் மருத்துவப் பாதுகாப்பு விசாரணை அமைப்பு 2020-ஆம் ஆண்டு எச்சரித்தது. மன உளைச்சலில் இருப்பவரிடமே இம்மாத்திரை தரப்படுகிறது என்பதால், அந்த எச்சரிக்கை நம் நாட்டுக்குக் கூடுதலாகப் பொருந்தும். 2022-இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. பதற்றத்தில் இருக்கும் ஓர் இளைஞருக்கு மாத்திரை அட்டையைக் கொடுக்கும் முன், அவர் மனநிலை என்ன என்று கேட்கவும், எத்தனை மாத்திரைகள் தருவது என்று முடிவு செய்யவும் தகுதியுள்ள ஒருவர் இருந்தாக வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் ஏறத்தாழ 10.6 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கூறியது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை என்பதும் அதில் வெளிப்பட்டது. இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே இருக்கின்றனர். குறைந்தது மூவராவது தேவை என்று சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில் சுட்டிக்காட்டியது. மனநல மருத்துவர் இல்லாத ஊரில் பொது மருத்துவர் இம்மாத்திரையை எழுதித் தருவதைக் குறை கூற முடியாது. அவரும் இல்லாத இடத்தில், மருந்துக் கடை ஊழியரே மருத்துவராகிவிடுவதுதான் பிரச்னை.

இன்னொரு பிரச்னை கூட்டு மருந்துகள். புரோப்ரனலாலுடன் தூக்கத்தையும் மயக்கத்தையும் தரும் பதற்றத் தணிப்பு மருந்து ஒன்றைச் சேர்த்து ஒரே மாத்திரையாக்கி விற்பது இந்தியச் சந்தையில் உண்டு. உடன் சேர்க்கப்படும் மருந்து பழக்கத்துக்கு அடிமையாக்கும் தன்மை கொண்டது. இரண்டின் அளவையும் நோயாளிக்கு ஏற்பத் தனித்தனியே கூட்டவோ குறைக்கவோ மருத்துவருக்கு வழியில்லை. இதய மருந்துக்காக மாத்திரை உட்கொள்பவர், தம்மை அறியாமலேயே மற்றொன்றுக்கு அடிமையாக நேரலாம்.

இது நாடாளுமன்றம் அறியாத விஷயமல்ல. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் செயல்பாடு குறித்து 2012 மே மாதம் தாக்கல் செய்யப்பட்ட நிலைக்குழுவின் 59-வது அறிக்கை, மத்திய அனுமதி இல்லாமலேயே மாநில அதிகாரிகள் கூட்டு மருந்துகளுக்கு உரிமம் வழங்கியதைக் கடுமையாகக் கண்டித்தது. பதற்றத்துக்காக விற்கப்பட்ட ஃப்ளுபென்டிக்ஸால், மெலிட்ராசென் கூட்டு மருந்து, அது உருவான டென்மார்க்கிலேயே விற்கப்படாதபோது இந்தியாவில் எப்படி அனுமதிக்கப்பட்டது என்றும் அக்குழு கேட்டது. 2013 ஜூனில் அதற்குத் தடை விதிக்கப்பட, விவகாரம் நீதிமன்றப் படியேறியது. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. அதையும் தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மறு ஆய்வு நடந்து, 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்கு மீண்டும் தடை வந்தது. சந்தையில் விட்டுவிட்டுப் பின்னர் துரத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சட்டத்தில் குறை இருப்பதாகவும் கூற முடியாது. அங்கீகரிக்கப்பட்ட மருந்தைப் புதிய நோய்க்குப் பயன்படுத்தக் கோரினாலும், இரு மருந்துகளை முதன்முறையாக ஒன்றாகச் சேர்த்தாலும், அது புதிய மருந்தாகவே கருதப்பட்டு அனுமதி பெற வேண்டும் என்கின்றன 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள். எனினும் கண்காணிப்பில்தான் ஓட்டை. இணையவழி மருந்து விற்பனையை ஒழுங்குபடுத்த 2018 ஆகஸ்டில் வரைவு விதிகள் வெளியிடப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் தில்லி, சென்னை உயர் நீதிமன்றங்கள் இவ்வகை விற்பனைக்கு எதிராக உத்தரவிட்டன. ஆண்டுகள் பல உருண்டோடியும் வரைவு விதிகளுக்கு இறுதி வடிவம் தர மத்திய அரசு காட்டிய வேகம் போதாது.

இம்மருந்தை முற்றிலும் கட்டிப்போட வேண்டும் என்பதல்ல கோரிக்கை. ஒற்றைத் தலைவலியைத் தடுக்கும் மருந்தாகத் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றுள்ள, விலை குறைந்த, பயனுள்ள மருந்து அது. மருத்துவர் பரிசோதித்துத் தந்தால் மேடை அச்சத்தால் முடங்கிப்போகும் ஒருவருக்கும் அது கைகொடுக்கும். கட்டுப்பாடு கடுமையானால், அதை நம்பியிருக்கும் கிராமப்புற நோயாளிதான் முதலில் பாதிக்கப்படுவார் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆகவே, செய்ய வேண்டியவை எளியவை. பதற்றத்துக்காக விற்கப்படும் கூட்டு மாத்திரைகள் ஒவ்வொன்றும் எந்தச் சான்றின் அடிப்படையில் அனுமதிக்கப்பட்டன என்பதை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட வேண்டும். சான்று இல்லாதவற்றைத் திரும்பப் பெற வேண்டும். ஆஸ்துமா, நீரிழிவு நோயாளிகளுக்கான எச்சரிக்கை மாத்திரை அட்டையின் மீதே மாநில மொழிகளில் அச்சிடப்பட வேண்டும். மருந்துச் சீட்டின்றி விற்போர் மீது மாநில அரசுகள் தயவு தாட்சண்யமின்றி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது மாற்று வழி. 767 மாவட்டங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டதாகக் கூறப்படும் மாவட்ட மனநலத் திட்டத்தில், மருத்துவரும் உளவியல் ஆலோசகரும் நியமிக்கப்பட்டுள்ளார்களா என்பதை நாடாளுமன்றம் கணக்குக் கேட்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 14416 என்ற தொலைபேசி மனநல உதவி எண், ஒவ்வொரு கல்லூரியிலும் பயிற்சி மையத்திலும் கண்ணில் படும்படி எழுதி வைக்கப்பட வேண்டும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்களில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு காகிதத்தோடு நின்றுவிடலாகாது.

மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் கூறுகிறது. அந்த உரிமை, மருந்துக் கடையில் கேள்வி கேட்காமல் நீட்டப்படும் ஒரு மாத்திரை அட்டையாகச் சுருங்கிவிட அரசு இடம் தரலாகாது.