மாத்திரையின் விலையும், தொடர்வதன் விலையும்

நாட்டின் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று ஆண்டுகளுக்குள் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், முதல் ஆண்டிலேயே 200 மையங்கள் தொடங்கப்படும் என்றும் 2025-26 நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு இது. கீமோதெரபிக்காகப் பெருநகரங்களுக்கு அலையும் குடும்பங்களின் சுமையை இது ஓரளவு குறைக்கும். ஆனால், மார்பகப் புற்றுநோயைப் பொருத்தவரை, சிகிச்சையின் மிக நீண்ட பகுதி பெரும்பாலான பெண்களுக்கு மருத்துவமனையில் நடப்பதில்லை. வீட்டில், நாள்தோறும் விழுங்கும் ஒரு சிறு மாத்திரையில் நடக்கிறது. அந்தப் பகுதி குறித்து நமது சுகாதாரக் கொள்கை ஏறத்தாழ மௌனமாகவே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அளிக்கும் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். இந்நோயில் பெரும்பான்மையான கட்டிகள், பெண்ணின் உடலில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை உண்டு வளர்பவை. இத்தகைய கட்டியை அறுவைச் சிகிச்சையில் அகற்றிய பின்னரும், கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிட்ட செல்கள் மீண்டும் தலைதூக்காதிருக்க, அந்த ஹார்மோனின் செயல்பாட்டைத் தடுத்தாக வேண்டும். அதற்கான மாத்திரைகளைக் குறைந்தது ஐந்து ஆண்டுகளும், சிலருக்குப் பத்து ஆண்டுகள் வரையும் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

இந்த மாத்திரைகளில் மூத்தது டாமாக்சிஃபென். 1960-களில் பிரிட்டனில் கருத்தடை மருந்துக்கான தேடலில் உருவாகி, அந்த நோக்கத்தில் தோற்று, புற்றுநோய் சிகிச்சையில் வெற்றி கண்ட மருந்து அது. ஐந்து ஆண்டுகள் அதை எடுத்துக்கொண்டால், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பதைப் பல பரிசோதனைகளின் முடிவுகளை ஒருங்கிணைத்த 2011-ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் தரப்படுகின்றன. புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய பலன் தரும் மருந்துகள் மிகச் சிலவே.

ஆனால், ஒரு ஹார்மோனைத் தடுக்கும்போது, அது காத்துவந்த மற்றவையும் தடுமாறுகின்றன. திடீரென உடலெங்கும் பரவும் சூடு, நள்ளிரவில் நனைக்கும் வியர்வை, அதனால் கெடும் தூக்கம், காலையில் மடக்க முடியாத விரல்கள், முழங்கால் வலி, எலும்புத் தேய்மானம், பிறப்புறுப்பு வறட்சி, மனச்சோர்வு எனப் பட்டியல் நீள்கிறது. எல்லாருக்கும் எல்லாத் தொல்லைகளும் வருவதில்லை. வருபவர்களுக்கு அவை ஓரிரு வாரங்களில் தீர்ந்துவிடுவதும் இல்லை. ஐந்து ஆண்டுகள் என்பது 1,800 நாள்களுக்கும் மேல்.

இதன் விளைவு என்ன? அமெரிக்காவின் வடக்கு கலிஃபோர்னியாவில் 8,769 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. நான்கரை ஆண்டுகள் முழுமையாக, முறையாக மாத்திரையை எடுத்துக்கொண்டவர்கள் 49 சதவீதத்தினர் மட்டுமே. அதன் தொடர்ச்சியாக வந்த ஆய்வில், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் பத்து ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 80.7 சதவீதம், இடையில் நிறுத்தியவர்களில் 73.6 சதவீதம். அவர்கள் அனைவரும் மருத்துவக் காப்பீடும் ஒழுங்கான மருத்துவப் பதிவுகளும் உள்ள ஓர் அமைப்பின் கீழ் சிகிச்சை பெற்றவர்கள். அங்கேயே நிலைமை இதுவென்றால், காப்பீட்டின் நிழல் முழுமையாக விழாத இடங்களின் நிலையை ஊகிக்கலாம்.

நடத்தைப் பொருளாதாரத்தில் 'நிகழ்காலச் சார்பு' என்றொரு கருத்து உண்டு. நாளை கிடைக்கும் பெரிய பலனைவிட, இன்றைய சிறு தொல்லையைத் தவிர்ப்பதற்கே மனிதமனம் முன்னுரிமை தருகிறது என்பது அதன் சாரம். மாத்திரையை நிறுத்தும் பெண்ணை இந்தச் சட்டகத்தில் வைத்து, 'அவருக்கு விழிப்புணர்வு போதவில்லை' என்று முடித்துவிடுவது எளிது. ஆனால், அவர் செலுத்தும் விலையை நாம் கணக்கிட்டிருக்கிறோமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அவற்றில் செலவிடுகிறார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களை. மாத்திரை தொடங்கிய பிறகு இந்த நிமிடங்கள் குறைவதில்லை. துணி பிழிவதும், குடம் தூக்குவதும், குனிந்து பெருக்குவதும் அதே வலிக்கும் மூட்டுகளால்தான் நடக்கின்றன. பீடி சுற்றும், பூ கட்டும், பருத்தி எடுக்கும் பெண்ணுக்கு விரல்களே மூலதனம். அவை இறுகிப்போனால் அன்றைய கூலி குறையும். அவருக்கு மாத்திரையின் விலை, மருந்துக்கடை ரசீதில் உள்ள தொகை மட்டுமன்று. இழந்த கூலியும் இழந்த தூக்கமும் சேர்ந்ததே. அந்த விலையைத் தாங்க முடியாமல் அவர் எடுக்கும் முடிவை அறியாமை என்று அழைப்பது நியாயமாகாது.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து செலவிடும் பங்கு, 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருப்பதாக தேசிய சுகாதாரக் கணக்குகள் கூறுகின்றன. இது முன்னேற்றமே. ஆயினும், நமது அரசுக் காப்பீட்டுத் திட்டங்களின் மையப்புள்ளி மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைதான். பிரதமரின் மக்கள் ஆரோக்கிய திட்டம், வீடு திரும்பிய பின் 15 நாள்கள் வரையிலான செலவுகளை ஏற்கிறது. மாத்திரையின் பக்கவிளைவுகளோ பல நேரங்களில் அதற்குப் பிறகே தொடங்குகின்றன. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகக் கிடைத்தாலும், அதை வாங்கிவரப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் செலவாகின்றன. எலும்பு அடர்த்திப் பரிசோதனை, இயன்முறை சிகிச்சை போன்றவற்றின் செலவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது.

வேதனை என்னவெனில், இந்தத் தொல்லைகளில் பலவற்றைக் குறைக்க வழி இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தகைய மாத்திரையால் மூட்டு வலிக்கு ஆளான 121 பெண்களிடம் நடத்திய பரிசோதனை 2015-இல் வெளியானது. வாரத்துக்கு 150 நிமிட நடைப்பயிற்சி போன்ற உடற்பயிற்சியையும், இரண்டு முறை தசை வலுவூட்டும் பயிற்சியையும் ஓராண்டு மேற்கொண்டவர்களுக்குக் கடும் மூட்டு வலி ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்தது. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால், அதே நோக்கத்துக்கான வேறொன்றுக்கு மருத்துவர் மாற்றித் தரலாம். எலும்புத் தேய்மானத்தைத் தடுக்கக் கால்சியம், வைட்டமின் டி முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை செலுத்தும் ஊசி மருந்து வரை உண்டு. உடலில் பரவும் சூட்டைத் தணிக்கவும் மருந்துகள் உள்ளன. ஆனால், மனச்சோர்வுக்குத் தரப்படும் பரோக்சிடின் போன்ற சில மருந்துகள் டாமாக்சிஃபெனின் வேலையைக் குலைக்கக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் எதையும் சேர்த்து உண்ணலாகாது. டாமாக்சிஃபென் எடுப்பவருக்கு மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு ஏற்பட்டாலோ, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இவ்வளவு வழிகள் இருந்தும் பயன்படாமல் போவதற்கு முதன்மைக் காரணம் மௌனம். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வலி பொறுக்காமல் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து வந்தார். ஓராண்டு வரை அதை மருத்துவரிடம் சொல்லவில்லை. 'உயிர் பிழைத்ததே பெரிது. கை வலிக்கிறது என்று அவரிடம் போய் எப்படிச் சொல்வது?' என்பதே அவர் கூறிய காரணம். படித்தவரின் தயக்கமே இத்தகையது எனில், கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் ஓரிரு நிமிடங்கள் மட்டுமே மருத்துவரைக் காணும் கிராமத்துப் பெண்மணி, வறட்சியையும் தாம்பத்திய வேதனையையும் வாய்விட்டுச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

எனவே, சொல்லும் பொறுப்பை நோயாளியிடம் விடாமல், கேட்கும் பொறுப்பை அமைப்பு ஏற்க வேண்டும். புதிய கட்டமைப்பு எதுவும் இதற்குத் தேவையில்லை. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே செல்கின்றன. இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பு சேவையும் அத்திட்டத்தின் அங்கங்கள். நாள்தோறும் பல ஆண்டுகள் உண்ண வேண்டியவை என்ற வகையில், புற்றுநோய் மாத்திரைக்கும் நீரிழிவு மாத்திரைக்கும் வேறுபாடில்லை. அந்தப் பையில் இதையும் சேர்க்கலாம். வலி, தூக்கம், சூடு, இரத்தப்போக்கு, விடுபட்ட மாத்திரைகள் ஆகியவை பற்றிய ஐந்து கேள்விகளை மாதந்தோறும் கேட்டுப் பதிவுசெய்யச் சுகாதாரத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளிக்கலாம். விடையில் சிக்கல் தெரிந்தால், அப்பெண்ணை மாவட்டத்தின் பகல்நேர மையத்துக்கு அனுப்பலாம். அம்மையத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரும், எலும்பு அடர்த்திப் பரிசோதனை வசதியும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

உயிர் காக்கும் சிகிச்சைக்கே வரிசை நீளும்போது, மூட்டு வலிக்கும் தூக்கமின்மைக்கும் நிதி ஒதுக்க இயலுமா என்று சிலர் கேட்கலாம். வலியால் நிறுத்தப்படும் மாத்திரை, காக்க வேண்டிய உயிரைக் காக்காமல் விடுகிறது. நோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவிய பிறகு ஆகும் செலவு பன்மடங்கு. அப்போது அதை முற்றிலும் குணப்படுத்தும் வாய்ப்பும் ஏறத்தாழ இல்லை. அறுவைச் சிகிச்சைக்கும் கீமோதெரபிக்கும் அரசு செலவிட்ட லட்சங்களின் பலன், அடுத்த ஐந்து ஆண்டுகளின் சிறு செலவில்தான் தங்கியிருக்கிறது.

ஆண்டுதோறும் எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தோம், எத்தனை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன என்று அரசுகள் கணக்குத் தருகின்றன. அந்த அறிக்கையில் மேலும் ஓர் எண் இடம்பெற வேண்டும்: சிகிச்சை தொடங்கிய பெண்களில் எத்தனை பேர் ஐந்தாம் ஆண்டின் கடைசி மாத்திரையையும் எடுத்து முடித்தார்கள்? அதைக் கணக்கிடத் தொடங்கினால், அவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்கும் கட்டாயமும் தானாக வரும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).