பகை ஒழிந்தும் பழுது தீராத இருதயம்

கிருமியைக் கொன்றால் நோய் தீர்ந்துவிடும் என்றே நாம் பொதுவாக எண்ணுகின்றோம். அது எப்பொழுதும் மெய்யாவதில்லை என்பதற்குத் தென்னமெரிக்காவின் சாகாஸ் நோய் தக்க சான்றாகும்.

1909 ஆம் ஆண்டிலே பிறேசில் நாட்டின் லசான்சே என்னும் ஊரிலே, கார்லோஸ் சாகாஸ் என்னும் வைத்தியர், இரண்டு வயதுச் சிறுமியொருத்தியின் குருதியில் இந்நோய்க் கிருமியைக் கண்டார். மூட்டைப்பூச்சிக்கு உறவான பெரிய பூச்சியொன்று மண்சுவர் வெடிப்புகளில் ஒளிந்திருந்து, இரவிலே உறங்குவோரைக் கடிக்கின்றது. கடித்த இடத்தருகே அது கழிக்கும் மலத்திற் கிருமி உண்டு. அவ்விடத்தைச் சொறிய, கிருமி உடலினுட் புகுகின்றது.

முதலிற் சிறு காய்ச்சல் காணலாம். பலருக்கு அதுவும் தோன்றாது. பின்னர் நெடுங்காலம் யாதொரு வருத்தமும் இராது. ஆயினும், பல ஆண்டுகள் சென்றபின், நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரையில் இருதயம் பழுதுறுகின்றது. தசை தழும்பேறி, துடிப்பு ஒழுங்கு கெட்டு, சிலருக்குத் திடீர் மரணமும் நேர்கின்றது.

இக்கிருமியைக் கொல்லும் பென்ஸ்நிடசோல் என்னும் மருந்து 1970 களிலிருந்து வழக்கில் உள்ளது. இருதயம் ஏற்கெனவே பழுதுற்றோருக்கு இது உதவுமா? ஐந்து நாடுகளிலே 2,854 நோயாளரிடம் நடாத்தப்பெற்ற ஆராய்ச்சியின் முடிவு 2015 இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு மருந்தும், மறு சாராருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்து, சராசரி ஐந்தாண்டுக்கு மேலாக அவர்களைக் கவனித்தனர். மருந்துண்டோரிற் பலரின் குருதியிலே கிருமி காணப்படாதொழிந்தது. எனினும், மரணமோ கடும் இருதயக் கேடோ நேர்ந்தோர் மருந்துண்டோரில் நூற்றுக்கு 27.5, உண்ணாதோரில் 29.1. இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று.

காரணம் யாது? தீயை அணைப்பதனால் வெந்த கூரை மீளாது. தழும்பேறிய தசையும் அத்தகையதே. அந்நிலையடைந்தோருக்கு இருதயத்தின் சுமையைக் குறைக்கும் மருந்துகளும், துடிப்பைச் சீராக்கும் கருவியுமே துணையாகின்றன.

அங்ஙனமாயின் பென்ஸ்நிடசோல் பயனற்றதா? அன்று. 1990 களிலே பிறேசிலிலும் ஆர்ஜென்ரீனாவிலும் நோய்க்குறி தோன்றாத பள்ளிச் சிறுவருக்கு இதனைக் கொடுத்துச் சில ஆண்டுகளின்பின் சோதித்தபோது, அரைவாசிக்கு மேற்பட்டோரின் குருதியிலே தொற்றின் அடையாளமே மறைந்திருந்தது. தாயிடமிருந்து தொற்றுப் பெற்ற குழந்தைக்குப் பிறந்தவுடன் கொடுத்தால் ஏறக்குறைய முழுக்குணம் கிட்டுகின்றது.

மருந்து ஒன்றே, காலமே வேறு. வருத்தம் தோன்றும்வரை காத்திராது, தோன்றாப் பருவத்திலேயே குருதியைச் சோதிப்பதுதான் அந்நாட்டுப் பிள்ளைகளின் இருதயத்தைக் காக்கும் வழியாகும்.