சாமிக்கே நடை சாத்துறோம், தாதியருக்கு?

 

தொண்டூழியர்கள் நாங்கள் இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பூஜை நேரமோ அன்னதான அறிவிப்போ இல்லை. நம் மருத்துவமனைகளில் வேலை செய்கிறவர்களைப் பற்றிய பதிவு. பொறுமையா படிங்க.

2020 மார்ச் 30, இரவு 8 மணி. கொவிட் சமயத்தில் சிங்கப்பூர் முழுக்க சன்னலோரம் நின்று சுகாதாரப் பணியாளர்களுக்குக் கைதட்டினோம். "நீங்கதான் எங்க தெய்வம்" என்று நம்மில் பலர் வாட்ஸ்அப்பில் எழுதினோம். அன்போடு சொன்னதுதான். ஆனால் தெய்வம் என்று சொல்லிவிட்டால் அவங்களுக்குத் தூக்கம் வேண்டாம், லீவு வேண்டாம், பயமே இருக்காது என்று நாம் நினைக்க ஆரம்பித்துவிடுகிறோம். இங்கேதான் சிக்கல்.

சரி, தெய்வம் என்றே வைத்துக்கொள்வோம். கோயிலில் தெய்வத்தை எப்படிக் கவனிக்கிறோம்? உச்சிகால பூஜை முடிந்ததும் நடை சாத்துகிறோம். இரவு அர்த்தஜாம பூஜை முடிந்ததும் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறோம். அதற்கப்புறம் யார் வந்து கேட்டாலும் "சாமி பள்ளியறைக்குப் போயாச்சு, காலையில வாங்க" என்றுதான் சொல்கிறோம். சாமிக்கே ஓய்வு நேரம் வகுத்து வைத்த மரபு நம்முடையது. அப்படியிருக்க, ரத்தமும் சதையுமான ஒரு தாதிக்கு ஓய்வு கேட்டால் அது பெரிய விஷயமா?

நோய்ப்பரவல் காலத்தில் மருத்துவமனை வேலை வெறும் கூடுதல் வேலை மட்டும் இல்லை. என்95 முகக்கவசம், அங்கி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கணும். தண்ணீர் குடிக்கவோ கழிவறைக்குப் போகவோ அவ்வளவையும் கழற்றி மறுபடி போடணும். கூட வேலை செய்கிறவருக்குத் தொற்று வந்தால் அவர் தனிமைக்குப் போவார், அவர் வேலையும் மிச்சம் இருப்பவர் தலையில் விழும். வீட்டில் வயசான அம்மா, சின்னக் குழந்தை. கிருமியைக் கொண்டுபோய் விட்டுடுவோமோ என்ற பயம் வேறு. குடும்பத்தார் உள்ளே வர முடியாத நேரத்தில், கடைசி மூச்சில் இருப்பவருக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அதே தாதிதான்.

இது புதுசும் இல்லை. 2003-ல் சார்ஸ் வந்தபோது சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்று, 33 பேர் இறந்தார்கள். தொற்று வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் சுகாதாரப் பணியாளர்கள். ஐந்து பேர் உயிரையே விட்டார்கள். டான் டோக் செங் மருத்துவமனையை சார்ஸுக்கென்றே ஒதுக்கிய அந்த நாட்களில், சீருடையோடு பஸ் ஏறிய தாதியரைப் பார்த்து விலகிப் போனவர்களும் உண்டு. 2020 தொடக்கத்திலும் அதே கதை நடந்தது.

மனமும் உடம்பும் இப்படி ஓய்ந்து போவதை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலை சார்ந்த ஒரு நிலை என்று வகைப்படுத்தியது. மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: தீராத சோர்வு, வேலை மேலேயே வெறுப்போ விலகலோ வருவது, முன்புபோல் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். "அந்த நர்ஸ் முகத்தைக் கூட பார்த்துப் பேசல" என்று குறைப்படுகிறோமே, அது திமிராக இல்லாமல் இந்தச் சோர்வாகவும் இருக்கலாம்.

2021 நவம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது. அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 1,500 சுகாதாரப் பணியாளர்கள் வேலையை விட்டார்கள். கொவிடுக்கு முன் ஒரு முழு ஆண்டுக்கே சுமார் 2,000 பேர்தான். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சேர்ந்த லீவை எடுத்து முடிக்க முடியாத நிலை. வெளிநாட்டு மருத்துவர்களும் தாதியரும் மட்டும் சுமார் 500 பேர் போய்விட்டார்கள். தமிழ்நாடு, கேரளா, பிலிப்பீன்ஸ் என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் பெற்றவர்கள் முகத்தைக்கூட நேரில் பார்க்காமல் வேலை செய்த காலம் அது.

"சேவை தானே, கைம்மாறு எதிர்பார்க்கலாமா" என்று சிலர் கேட்பார்கள். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கண்விழித்து தண்ணீர் பந்தலில் நிற்கிற எங்களுக்கு சேவை என்றால் என்னவென்று தெரியும். நாங்கள் விரும்பி வருகிறோம், முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறோம். அவங்களுக்கு அடுத்த நாளும் ஷிஃப்ட். கைம்மாறு கருதாமல் செய்யணும் என்பதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவரிடம் வேலை வாங்குவதற்கு அதைச் சொல்லக் கூடாது.

யோகாவும் தியானமும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. தியானம் நல்லது. ஆனால் மூன்று பேர் வேலையை ஒருத்தர் செய்தால் தியானம் எத்தனை நாள் தாங்கும்? கும்பாபிஷேகம் வந்தால் இருக்கிற குருக்களையே எல்லா யாககுண்டத்துக்கும் ஓட விடுகிறோமா? மாதக்கணக்கில் முன்னாலேயே திட்டம் போட்டு, ஊரிலிருந்து கூடுதல் சிவாச்சாரியார்களை வரவழைக்கிறோம். மருத்துவமனைக்கும் அதே கணக்குதான். அடுத்த தொற்று வருவதற்கு முன்பே ஆள் கூட்டணும், லீவு கொடுக்கணும். அமைதியான காலத்தில் கொஞ்சம் கூடுதலாக ஆள் இருந்தால் அது வீண் செலவு இல்லை.

2021, 2022 இரண்டு வருஷமும் தைப்பூசத்துக்குக் காவடி ஊர்வலம் இல்லை. 2023-ல் திரும்பி வந்தபோது நமக்கெல்லாம் எவ்வளவு சந்தோஷம்! மருத்துவமனைக்காரர்களுக்கு அப்படி ஒரு நாள் விடியவில்லை. கொவிட் குறைந்ததும் தள்ளிப்போட்ட அறுவை சிகிச்சைகள் வரிசையில் வந்து நின்றன.

ஆள் கூட்டுவது அமைச்சின் கையில். நம் கையில் இருப்பவை இவை:

காய்ச்சல், இருமல் இருந்தால் கோயிலுக்கும் வராதீங்க, நோயாளியைப் பார்க்கவும் போகாதீங்க. முருகன் வீட்டிலிருந்து கும்பிட்டாலும் கேட்பான்.

வார்டில் இத்தனை பேர்தான் என்றால் தாதியோடு வாக்குவாதம் வேண்டாம். அந்த விதியைப் போட்டது அவர் இல்லை.

சளிக்கும் லேசான காய்ச்சலுக்கும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடாமல் பக்கத்து கிளினிக், பலதுறை மருந்தகம் போங்க. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் மட்டும் தாமதிக்காதீங்க.

பக்கத்து புளோக் தாதி அக்கா இரவு ஷிஃப்ட் முடித்து வந்தால் பகலில் கதவைத் தட்டி ரத்த ரிப்போர்ட் காட்டாதீங்க. முடிந்தால் ஒரு டிபன் கேரியரில் சாம்பார் சாதம் கொண்டுபோய்க் கொடுங்க.

வீட்டில் தாதியோ மருத்துவரோ இருந்தால், "எனக்கு முடியல" என்று அவர் சொல்லும்போது "நீயே இப்படிச் சொல்லலாமா" என்று கேட்காதீங்க. உட்கார வைத்துக் கேளுங்க.

மருத்துவமனையில் வேலை செய்யும் பக்தர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. லீவு கேட்பதில் பாவம் எதுவும் இல்லை. சில வாரம் கோயிலுக்கு வர முடியாமல் தூங்கிப்போனாலும் சாமி கோபிக்க மாட்டார். அவருக்கும் நடை சாத்துற நேரம் உண்டு.

முருகன் துணை.