கையெழுத்துக்கு முன் சொல்லுங்கள்

வாய்ப்புற்று என்று உறுதியானதும் நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு, மகனையும் மைத்துனரையும் உள்ளே அழைத்துப் பேசும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. தாடையில் எது போகும், நாக்கில் எவ்வளவு மிஞ்சும் என்பது நோயாளிக்குத்தான் கடைசியில் தெரியவருகிறது. சிலருக்கு மயக்கம் தெளிந்த பிறகுதான். இது கொடுமை.

2022இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1.43 லட்சம் பேருக்கு வாய், உதட்டுப் புற்று புதிதாக வந்ததாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிடுகிறது. தொடக்க நிலையில் பலருக்கு அறுவை மட்டுமே போதும். முற்றினால் கதிர்வீச்சும் கீமோவும் சேரும். ஆனாலும், கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயந்து நாட்டு மருந்தில் மாதங்களைக் கழிப்பவர்கள் ஏராளம். தொடக்க நிலையிலேயே கழுத்து நிணநீர்க் கட்டிகளையும் சேர்த்து அகற்றியவர்களில் 80 சதவீதம் பேர் 3 ஆண்டுகளைக் கடந்தார்கள். வாயில் மட்டும் அறுவை செய்துகொண்டு, கழுத்தில் கட்டி தலைகாட்டட்டும் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம்தான். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வு இது. அறுவையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை நாம். அதன் பிறகான வாழ்க்கையை மறைக்காதீர்கள் என்கிறோம்.

கதிர்வீச்சில் உமிழ்நீர் வற்றும். குழையப் பிசைந்த ரசம் சாதம்கூடத் தொண்டையில் நிற்கும். மூன்று விரல் நுழைந்த வாய் ஒரு விரலுக்குச் சுருங்கலாம். தினமும் வாய்ப்பயிற்சி செய்தால் இதை ஓரளவு குறைக்க முடியலாம். காப்பாற்ற முடியாத சொத்தைப் பற்களைக் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு அழுகும் அபாயம் உண்டு. கால் எலும்பை எடுத்துப் புதுத் தாடை கட்டவும் வழி இருக்கிறது. பேச்சும் மாறக்கூடும்; கூவிக் காய்கறி விற்பவருக்கும் வகுப்பெடுக்கும் ஆசிரியைக்கும் குரல்தான் பிழைப்பு. இவற்றையெல்லாம் முன்கூட்டியே கேட்க அவர்களுக்கு உரிமை இல்லையா?

குணமாக்க முடியாத கட்டத்திலும் வழிகள் உண்டு. மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப் என்ற மலிவான மாத்திரைகள், ஊசிவழி ஏற்றும் சிஸ்பிளாட்டினுக்குச் சளைத்தவை அல்ல, கடும் பக்கவிளைவும் குறைவு என்று அதே டாடா மருத்துவமனை 2020இல் காட்டியது. கடைசி மாதங்களை வார்டிலா வீட்டிலா கழிப்பது என்பதை நோயாளியே சொல்லட்டும்.

அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், பல் மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் நோயாளியோடு ஒருமுறையாவது உட்கார்ந்து பேசிய பிறகே ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சுகாதாரத் துறை உடனே ஆணையிட வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் செவிலியருக்கு விழுங்கும் பயிற்சியும் வாய்ப்பயிற்சியும் கற்றுக்கொடுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.